கோணல் தாடையை நேராக்கிய பின் மூட்டைக் கவனித்துக்கொள்வது எப்படி

கீழ்த்தாடைக் கோணலுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வன்னிக்குத் திரும்புகிறவரின் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நாடி நடுவுக்கு வந்துவிட்டதா, வீக்கம் வற்றிவிட்டதா, சிரிக்கும்போது உதடு இழுக்கிறதா என்று கேட்பார்கள். காதுக்கு முன்னால் விரல் வைத்தால் அசைவு தெரிகிற அந்தச் சிறு மூட்டைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வெட்டிப் பொருத்திய எலும்பு ஏறத்தாழ ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் ஒட்டிக்கொண்ட பிறகும் மாதக்கணக்கில் மாறிக்கொண்டிருப்பது அந்த மூட்டுத்தான். இத்தகைய சத்திரசிகிச்சைக்கு வன்னியிலுள்ளவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ கொழும்புக்கோ போகிறோம். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அதுவும் பத்து நிமிடந்தான், நிபுணரைக் காண்கிறோம். இடைப்பட்ட நாட்களில் மூட்டு என்ன செய்தது என்பதை நாம் எழுதிக்கொண்டு போகாவிட்டால் அவருக்குச் சொல்ல வேறு ஆளில்லை. எழுதிவைப்பது எப்படி, எதை எழுதுவது, எதைக் கண்டு அஞ்சுவது, எதைக் கண்டு அஞ்சாமல் இருப்பது என்பவையே இந்தக் குறிப்பின் பொருள்.

நான் வைத்தியர் அல்லன். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் கணிதம் கற்பிக்கிறேன். ஆறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து நாடியில் வெட்டுக்காயம் பட்டது. நாலு தையல் போட்டார்கள், காயம் ஆறியது, எல்லோரும் மறந்துவிட்டோம். நாடியில் விழும் அடி தாடை எலும்பு வழியே மேலேறிக் காதடியில் உள்ள குமிழை முறிக்கும் என்பதும், சிறுவயதில் அப்படி முறிந்த பக்கம் வளர்ச்சியில் பின்தங்கிவிடக்கூடும் என்பதும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பதினாறு வயதில் என் நாடி நன்றாகவே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பிள்ளை நாடி அடிபட விழுந்தால், தையல் போட்டதோடு விட்டுவிடாமல், வாய் முழுதாகத் திறக்கிறதா, திறக்கையில் ஒரு பக்கம் போகிறதா என்று பார்த்து, ஐயமிருந்தால் எக்ஸ்றே எடுக்கச் சொல்லுங்கள்.

மூட்டுக்குள் நடப்பது

கீழ்த்தாடையின் இரு மேல்முனைகளிலும் ஒவ்வொரு குமிழ் இருக்கிறது. அது மண்டையோட்டின் பொட்டெலும்பில் உள்ள குழியில் அமர்கிறது. இரண்டுக்கும் நடுவே மூட்டுவட்டு என்னும் மெல்லிய, உறுதியான இழையம் மெத்தைபோல இருக்கிறது. வாயைத் திறக்கத் தொடங்கும்போது, முதல் 20 முதல் 25 மி.மீ. வரை, குமிழ் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே உருள்கிறது. அதற்கு மேல் திறக்க வேண்டுமானால் குமிழும் வட்டும் சேர்ந்து முன்னோக்கி வழுக வேண்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அளவெடுக்கும்போது பயன்படும். இன்னொன்று, இடமும் வலமும் இரண்டு மூட்டாக இருந்தாலும் அவற்றுக்கு எலும்பு ஒன்றே. ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று நொண்டினால் மற்றதன் கழுத்தும் புண்ணாவது போல, ஒரு பக்க மூட்டின் குறை மறுபக்கத்தையும் வருத்தும்.

கோணலுக்குக் காரணம் எல்லோருக்கும் ஒன்றன்று. சிலருக்கு என்னைப் போல ஒரு பக்கம் வளராமல் நின்றிருக்கும். சிலருக்கு ஒரு பக்கக் குமிழ் நிற்கவேண்டிய வயதிலும் நிற்காமல் வளர்ந்துகொண்டே போயிருக்கும். சிறுவயது மூட்டுவாதம், பிறவியிலேயே முகத்தின் ஒரு பாதி சிறுத்திருத்தல், குண்டுச் சிதறலால் ஏற்பட்ட பழைய முறிவு ஆகியனவும் உண்டு. உங்களுடையது எது என்று நிபுணரிடம் கேட்டு, நோயறிதலைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வளர்ந்துகொண்டிருந்த குமிழ் என்றால், வளர்ச்சி அடங்கிவிட்டதா என்பதை அணுக்கதிர் எலும்பு ஸ்கான் மூலம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். பின்னால் நாடி மீண்டும் நகர்ந்தால் அந்த விடை முக்கியமாகும். எந்தக் காரணமானாலும், நாடி சாய்ந்திருந்த பக்கத்துக் குமிழ் பெரும்பாலும் சிறியதாகவும் தட்டையாகவும் இருக்கும். அந்தப் பக்கத்து மூட்டுவட்டு இடம்பெயர்ந்திருப்பதும் மற்றப் பக்கத்தைவிட அதிகமாகக் காணப்படுகிறது. ஆகவே, சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒத்தில்லாத இரண்டு மூட்டுகளோடுதான் போகிறார்கள்.

இப்போது அதிகமாகச் செய்யப்படுவது, தாடையின் பின்பகுதியை இரு பக்கமும், பலகையைத் தடிப்பின் நடுவே பிளப்பது போலப் பிளந்து, பல் உள்ள முன்துண்டை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, டைட்டேனியத் தகடும் திருகாணியும் கொண்டு பொருத்தும் முறை. 1957 இல் ட்ரௌனரும் ஒப்வேகேசரும் விவரித்த வெட்டு, 1961 இல் டால் பொன்ட் செய்த திருத்தத்தோடு, அடிப்படையில் இன்றும் அதுவேதான். கோணல் தாடையில் முன்துண்டை முன்னாலோ பின்னாலோ நகர்த்தினால் மட்டும் போதாது, திருப்பவும் வேண்டும். நீண்ட வாங்கு ஒன்றின் முன்முனையை வலப்பக்கம் தள்ளினால் பின்முனை இடப்பக்கம் போகும் அல்லவா? இடப்பக்கம் சாய்ந்த நாடியை வலப்பக்கம் கொண்டுவரும்போதும் அப்படியே முன்துண்டின் பின்முனை இடப்பக்கம் வந்து, அங்கே குமிழைச் சுமந்திருக்கும் வெளித்துண்டை வெளியே நெம்பப் பார்க்கிறது. அந்த இடைஞ்சலைச் சத்திரசிகிச்சை நிபுணர் எலும்பைச் செதுக்கிக் குறைப்பார். இருந்தாலும் குமிழ் தன் குழிக்குள் சிறிதளவாவது திரும்பவே செய்யும். இரு பக்கமும் ஒரே அளவாக நகர்த்தப்பட்டவருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: நமது இரண்டு குமிழ்களும் வெவ்வேறு திசையில், வெவ்வேறு அளவில் திரும்பியிருக்கும்.

அதன் பிறகு நடப்பதை மூன்று கட்டமாகப் பார்க்கலாம். முதற் சில நாட்களிலும் கிழமைகளிலும், மூட்டுக்குள் ஊறிய நீராலும் மயக்கத்தில் தளர்ந்த தசைகளாலும் குமிழ் சற்றுக் கீழிறங்கியிருக்கும். வீக்கம் வற்ற வற்றப் பழைய இருக்கையை நோக்கி மெல்ல ஏறும். அடுத்து, ஏறத்தாழ ஓராண்டுக்குள், புதிய சுமைக்கு ஏற்பக் குமிழ் தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது. அழுத்தம் கூடிய இடத்தில் எலும்பு சிறிது தேயும், வேறிடத்தில் சிறிது படியும். ஸ்கானில் குமிழின் ஓரம் உருமாறியதாகத் தெரிந்தாலும் கடி (மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதம்) மாறாமல், வலி இல்லாமல், வாய் நன்றாகத் திறந்தால், அது உடல் தானே செய்துகொண்ட திருத்த வேலை. மூன்றாவது எல்லோருக்கும் வருவதில்லை. சிலருக்குத் தேய்வு நிற்காமல் தொடர்ந்து குமிழின் உயரமே குறைந்துவிடும். இளம்பெண்கள், தாடை மிக அதிகமாக முன்னுக்கு நகர்த்தப்பட்டவர்கள், முன்பே மூட்டுநோய் இருந்தவர்கள் ஆகியோரிடம் இதற்கான வாய்ப்புக் கூடுதல். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு ஆண்டுக்கும் இடையே, ஓசையில்லாமல் தொடங்கும்.

முன்பு மூட்டுவலி இருந்தவர்களில் பலருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, ஒரு சிலருக்குப் புதிதாக வருகிறது. மூட்டுவலிக்கு மருந்தாக நினைத்து இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போவது சரியன்று என்பது என் எண்ணம்.

முதல் ஆறு கிழமைகள்

வைத்தியசாலையை விட்டு வரும்போதே, தகடு பொருத்திய பிளவு வெட்டா, தகடு பொருத்தாமல் செங்குத்தாக வெட்டிச் சில கிழமைகள் வாயைக் கட்டிவைக்கும் முறையா என்று கேட்டு வாருங்கள். வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்கும் நாள் இரண்டுக்கும் வேறு வேறு. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் கிழமையில் தொடங்கினார் என்பதற்காக நீங்களும் தொடங்கக்கூடாது.

பற்கம்பியில் மாட்டும் றப்பர் வளையங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கோணலுக்குச் செய்தவர்களுக்கு இடப்பக்க வளையமும் வலப்பக்க வளையமும் ஒரே திசையில் இழுப்பது அரிது. ஒன்று முன்னோக்கி, ஒன்று பின்னோக்கி, சில வேளை முன்பல்லில் குறுக்காக ஒன்று என்று இருக்கும். தசையும் மூட்டும் புதிய இருக்கையைப் பழகும் வரை கடியை வழிநடத்துவது அவைதான். மாட்டியிருக்கும் நிலையில் இடம், வலம், முன் என்று மூன்று படம் கைப்பேசியில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. வீடு வந்த நாலாம் நாள் ஒரு வளையம் அறுந்தபோது எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்குப் போட்டிருந்தது என்று தெரியாமல், கண்ணாடிக்கு முன் நானும் அக்காவும் ரோச் லைற்றோடு ஒரு மணித்தியாலம் நின்றோம்.

வாய் கட்டப்பட்டிருக்கும் நாட்களில் ஒரு சிறு கத்தரிக்கோலையும், கம்பியால் கட்டியிருந்தால் கம்பி வெட்டும் குறட்டையும், தலைமாட்டில் வையுங்கள். எதை வெட்டவேண்டும் என்று வீட்டில் ஒருவருக்காவது காட்டிக்கொடுங்கள். வாந்தி வந்தால் முன்னுக்குக் குனிந்து வெளியே விடவேண்டும். மூச்சு முட்டினால் வெட்டிவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்கவேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் குளிர் ஒத்தடம், அதன் பின் இளஞ்சூட்டு ஒத்தடம். உதடும் நாடியும் மரத்திருக்கும்வரை ஒத்தடத்தின் சூட்டையும் பிளேன்ரீயின் சூட்டையும் புறங்கையில் வைத்துப் பார்த்த பின்பே வாய்ப்பக்கம் கொண்டுபோங்கள். கீழுதட்டில் கொப்புளம் வந்த பிறகுதான் சூடு என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு. தலையை உயர்த்தி மல்லாந்து படுங்கள். பாயில் குப்புறவோ, கன்னத்தைக் கையில் தாங்கியோ படுத்தால் ஒரு பக்கக் குமிழ் இரவு முழுக்கப் பக்கவாட்டில் அழுத்தப்படும். பஸ்ஸில் கண்ணாடியில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்குவதும் அதே தவறுதான்.

கொப்பியில் எழுதவேண்டியவை

வாய் திறக்கலாம் என்று நிபுணர் சொன்ன நாளிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். தேவையானவை ஒரு கொப்பி, ஓர் அடிமட்டம், கண்ணாடி, நூல். பள்ளிக்கூட அடிமட்டம் பலவற்றில் பூச்சியக் கோடு விளிம்பிலேயே தொடங்குவதில்லை. நாலைந்து மில்லிமீற்றர் உள்ளே தள்ளியிருக்கும். விளிம்பைப் பல்லில் வைத்து அளந்தால் ஒவ்வொரு முறையும் அந்த அளவு பிழைக்கும். பிளாஸ்ரிக் அடிமட்டம் ஒன்றைப் பூச்சியக் கோடுவரை அரத்தால் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் அளந்தால் போதும். நான் ஞாயிறு காலை, பல் தீட்டிய பின், சாப்பிடுமுன் அளந்தேன். கண்ணாடிக்கு முன் நேராக இருந்து, வலிக்காத அளவுக்கு வாயைத் திறந்து, கீழ் முன்பல்லின் நுனியிலிருந்து மேல் முன்பல்லின் நுனிவரை அளவுங்கள். கம்பியிலிருந்து கம்பிக்கு அளக்கக்கூடாது. கம்பி மாற்றப்பட்டால் கணக்குக் குழம்பிவிடும். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். வளர்ந்த ஒருவருக்கு வழக்கமான திறப்பு 40 முதல் 50 மி.மீ. வரை இருக்கும், சத்திரசிகிச்சைக்குப் பின் தொடக்கத்தில் 15, 20 என்று இருந்து, மூன்று முதல் ஆறு மாதங்களில் பெரும்பாலோருக்கு முன்பிருந்த அளவுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. 25 மி.மீ. அளவில் வந்து கிழமைக்கணக்காக அசையாமல் நின்றால், குமிழ் உருள்கிறது, ஆனால் வழுகவில்லை என்று கொள்ளலாம். அது நிபுணரிடம் கட்டாயம் சொல்லவேண்டிய செய்தி.

பக்கவாட்டு அசைவும் அதே அளவு முக்கியம், ஆனால் பலர் அதை அளப்பதில்லை. பற்களைச் சற்றே பிரித்து, நாடியை வலப்பக்கம் இயன்றவரை நகர்த்தி, மேல் நடுப்பற்களின் இடைக்கோட்டிலிருந்து கீழ் நடுப்பற்களின் இடைக்கோடு எவ்வளவு விலகியது என்று பாருங்கள், பிறகு இடப்பக்கம். நாடி வலப்பக்கம் போகவேண்டுமானால் இடப்பக்கக் குமிழ் முன்னோக்கி வழுகவேண்டும். ஆகவே வலப்பக்க அசைவு குறைவாக இருந்தால் இடப்பக்க மூட்டைத்தான் பார்க்கவேண்டும். வழக்கமான அளவு 8 முதல் 10 மி.மீ.

மூன்றாவது, திறக்கும் பாதை. எங்கள் சின்ன மாமா மேசன் வேலை செய்பவர். அவருடைய தூக்குக்குண்டைக் கண்ணாடிக்கு முன் தொங்கவிட்டு, நூல் மூக்கின் நடுவே தெரியும்படி இருந்து, வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பார்த்தேன். அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. நாடி நூலோடு நேரே இறங்கினால் நல்லது. பாதிவழியில் ஒரு பக்கம் விலகி, முழுதாகத் திறக்கையில் நடுவுக்குத் திரும்பி வந்தால், அந்தப் பக்கத்து வட்டு இடம்பெயர்ந்து மீண்டும் தன் இடத்தில் ஏறுகிறது என்று கருதலாம். பெரும்பாலும் அந்நேரம் 'டிக்' என்று ஒரு சத்தமும் கேட்கும். விலகிய நாடி திரும்பாமல் அங்கேயே நின்றுவிட்டால் அந்தப் பக்கத்து மூட்டு வழுகவில்லை. எந்த மில்லிமீற்றரில் விலகியது, எந்தப் பக்கம் விலகியது என்று எழுதுங்கள்.

சத்தத்தையும் எழுதுங்கள். வலியில்லாத தனி 'டிக்' சத்தம் பலருக்குச் சத்திரசிகிச்சை செய்யாமலே உண்டு. அது மட்டும் இருந்தால் கலங்கவேண்டாம். கிரவல் ரோட்டில் சைக்கிள் உருளுவது போல நறநறவென்ற தொடர்ச்சியான உராய்வு வேறு வகை. குமிழின் மேற்பரப்பு கெடத் தொடங்கியிருக்கலாம் என்பதற்கு அது குறி.

கடைசியாகக் கடி. பின்பற்களை இயல்பாகக் கடித்து, எந்தப் பக்கம் முதலில் முட்டுகிறது என்று உணர்ந்து எழுதுங்கள். மெல்லிய பொலித்தீன் கீற்று ஒன்றை இரு பக்கப் பின்பற்களுக்கும் நடுவே மாறி மாறி வைத்துக் கடித்து இழுத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் பிடிக்கிறது, எந்தப் பக்கம் நழுவுகிறது என்பது தெளிவாகும். மாதம் ஒருமுறை, ஒரே சுவருக்கு முன், ஒரே தூரத்தில், தலைமயிரை ஒதுக்கி முன்படமும் இரு பக்கப்படமும் எடுங்கள். சிரித்தபடி எடுக்கவேண்டாம், சிரிப்பு உதட்டைக் கோணலாக்கும்.

பயிற்சி, பழக்கம், சாப்பாடு

அனுமதி கிடைத்த பின், நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, நூலைப் பார்த்தபடி நாடியை நேராக இறக்கி ஏற்றுவதே முதற் பயிற்சி. நாக்கு அண்ணத்தில் இருக்கும்போது குமிழ் அதிகம் முன்னே ஓடாது. நாலைந்து நாள் அது சுகமாக வந்த பின் பக்கவாட்டு அசைவு, அதன் பின் நீட்டல். நீட்டலுக்கு மருந்தகத்தில் விற்கும் தட்டையான மரக்குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்து, சில நிமிடம் தாங்கி, சில நாட்களுக்கு ஒரு குச்சி கூட்டுவார்கள். ஒரே நாளில் மூன்று குச்சி கூட்டி மறுநாள் வீங்கவைப்பதைவிட, நாளுக்கு ஐந்தாறு தடவை சிறிது சிறிதாகச் செய்வதே பயன் தரும். பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குப் பின்னும் வலி நீடித்தால் அன்று கூடிப்போனது என்று பொருள்.

இதைவிடக் கடினமானது நாள் முழுவதும் தாடையைச் சும்மா வைத்திருப்பது. உதடுகள் மூடியிருக்கவேண்டும், பற்கள் தொடாமல் இருக்கவேண்டும். சாப்பிடும் நேரம் தவிரப் பல்லுக்குப் பல் முட்ட வேலையில்லை. வகுப்பில் கரும்பலகைக்கு முன் நிற்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கு மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. கொட்டாவி வரும்போது நாடிக்குக் கீழே கையை முட்டுக்கொடுங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டின் வார் நாடியை ஒரு பக்கம் இழுக்காமல் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். உழவு யந்திரத்தில் ஏறி வயலுக்குப் போகும் வேலையை இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அந்தக் குலுக்கலில் பற்கள் தாமாகவே மோதிக்கொள்ளும்.

சாப்பாட்டில் எங்கள் வீடுகள் இரண்டு பிழை விடுகின்றன. முதற் கிழமைகளில் வெறும் கஞ்சித்தண்ணியைக் கொடுத்து ஆளை மெலியவைக்கிறார்கள். மூன்றாம் மாதத்தில், "பிள்ளை சரியா மெலிஞ்சு போச்சு, இனி நல்லாச் சாப்பிடட்டும்" என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொடுக்கிறார்கள். கஞ்சியோடு பருப்பு, அவித்து முள் நீக்கிய மீன், முட்டை, பால் ஆகியவற்றை அரைத்து வடித்துக் கொடுத்தால் எலும்பு ஒட்டுவதற்கான புரதம் கிடைக்கும். பிறகு சொதியில் ஊறிய இடியப்பம், குழைந்த சோறு, பால் விட்டுக் குழைத்த புட்டு. கூழ் குடிக்க ஆசை வரும். உறைப்பும் மீன் முள்ளும் நண்டு ஓடும் இல்லாமல் காய்ச்சுவதானால் குடியுங்கள், ஆனால் அதைக் கூழ் என்று சொல்லமுடியுமா என்பது வேறு கேள்வி. இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் மெல்லத் தொடங்கும்போது இரு பக்கமும் சமமாக மெல்லுங்கள். பல ஆண்டுகளாக ஒரு பக்கமே மென்று பழகிய தசை அந்தப் பக்கத்தையே தேடும்.

எல்லாவற்றுக்கும் பிந்தியது புழுக்கொடியல். ஒன்பதாம் கிழமையில், கதைபேசிக்கொண்டிருந்த சுவாரசியத்தில், பெரியம்மா நீட்டிய புழுக்கொடியலில் ஒரு துண்டை வலக்கடைவாயில் வைத்து நெரித்தேன். இடப்பக்கக் காதடியில் ஏதோ இடறியது போலிருந்தது. 34 மி.மீ. ஆக இருந்த திறப்பு அடுத்த ஞாயிறு 23. இருபது நாள் கழித்துத்தான் பழைய எண்ணுக்கு வந்தது. வலப்பக்கம் கடித்தால் இடப்பக்க மூட்டில் ஏன் சுமை ஏறவேண்டும் என்று நினைப்பீர்கள். ஒரு பக்கம் கடினமானதைக் கடிக்கும்போது அந்தக் கடிபொருள் அந்தப் பக்கத்து மூட்டுக்கு முட்டுக்கொடுத்துவிடுகிறது, எதிர்ப்பக்கக் குமிழே தன் குழியில் அதிகம் அழுந்துகிறது. பினாட்டு, கச்சான், கரும்பு, கரும்புகை ஏற்றிய வத்தல் இறைச்சி எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். பாக்கைப் பொறுத்தவரை ஆறு மாதம் அல்ல, முற்றாகவே விடவேண்டும். பாக்கு மெல்வதால் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி வாய் திறவாமல் போகும் நோய் வருகிறது. அது புற்றுநோய்க்கும் முன்னோடி. அத்தோடு, திறப்பு ஏன் குறைகிறது என்று தேடும்போது மூட்டுக் குறையையும் கன்ன இறுக்கத்தையும் பிரித்தறிவது வைத்தியருக்குக் கடினமாகும்.

பொறுக்கக்கூடியதும் கூடாததும்

காலையில் தாடை இறுகியிருத்தல், மெல்லும்போது காதடியில் இலேசான நோவு, வானிலை குளிர்ந்தால் தகடு உள்ள இடத்தில் ஒரு பாரம், வலியில்லாத சத்தம் ஆகியவற்றைப் பொறுத்து எழுதிவைக்கலாம். நோவுக்குப் பரசிற்றமோல் 500 மி.கி. குளிகை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு எட்டுக்கு மேற்படாமல். ஈரல் நோயோ உடல் மெலிவோ உள்ளவர்கள் அதற்கும் குறைவாக, வைத்தியரைக் கேட்டு.

காய்ச்சல், பெருகும் வீக்கம், சீழ், வெட்டிய இடத்தில் எலும்பு அசைவது போன்ற உணர்வு, கூடியிருந்த திறப்பு சட்டென்று குறைதல் ஆகியவற்றுக்கு அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக்கூடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்ட வைத்தியசாலைகளில் ஒன்றுக்கு உடனே போங்கள். அங்கிருந்து தொலைபேசியில் நிபுணரோடு பேசி அனுப்புவார்கள். றப்பர் வளையத்தை எடுத்த அன்றோ மறுநாளோ கடி பொருந்தாமல் போய்விட்டால், தகடு பொருத்தும்போது குமிழ் குழியில் சரியாக அமர்ந்திருக்கவில்லை என்பதாக இருக்கலாம். அதை எவ்வளவு வேகமாகச் சொல்கிறோமோ அவ்வளவு எளிதாகத் திருத்தமுடியும்.

மாதங்கள் கழிந்து நாடி மீண்டும் பழைய பக்கம் நகர்ந்தால், கடிக் குறிப்பு பேருதவி செய்யும். சாய்ந்த பக்கத்துக் குமிழ் தேய்ந்தால் அந்தப் பக்கம் குட்டையாகி, அந்தப் பக்கத்துக் கடைவாய்ப்பல் முதலில் முட்டும். முன்பற்களோ எதிர்ப்பக்கமோ திறந்துகொள்ளும். எதிர்ப்பக்கக் குமிழ் மீண்டும் வளரத் தொடங்கியிருந்தால் அந்த வளரும் பக்கத்துக் கடைவாய் திறந்துகொள்ளும். கண்ணாடியில் இரண்டும் ஒன்றுபோலவே, நாடி பழைய பக்கம் போவதாகத்தான் தெரியும். சிகிச்சை முற்றிலும் வேறு. இதை நாமே முடிவு செய்யவேண்டியதில்லை. பொலித்தீன் கீற்று எந்த மாதம், எந்தப் பக்கம் நழுவத் தொடங்கியது என்ற ஒரு வரி இருந்தால் போதும்.

படங்களும் பயணமும்

சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த படம், பின் முதற் கிழமையில் எடுத்தது, ஆறாம் மாதம், ஓராண்டு என்று வரிசையாக இருந்தால்தான் குமிழின் மாற்றத்தை ஒப்பிடமுடியும். தனியொரு படம் அதிகம் சொல்லாது. சீ.ரி. ஸ்கான் இறுவட்டைப் பிரதிசெய்துகொள்ளுங்கள். மாரியில் ஏ9 வீதியில் பஸ் மாறி ஏறுகிறவர்கள் எக்ஸ்றேப் படங்களைப் பொலித்தீன் உறையில் சுற்றி, மடிக்காமல் கொண்டுபோகவேண்டும்.

மூட்டுவட்டைப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். தாடையிலுள்ள டைட்டேனியம் காந்தத்தால் இழுபடாது; படத்தில் அருகிலுள்ள பகுதியைச் சற்று மறைக்கும், அவ்வளவுதான். ஆனால் போரில் காயப்பட்டு உடம்பில் இரும்புச் சிதறல் தங்கியிருக்கிறவர்கள் எம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அது முதுகிலோ தொடையிலோ இருந்தாலும், ஐயம் மட்டும் இருந்தாலும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் கட்டாயம் சொல்லுங்கள். காந்தம் அதை அசைக்கக்கூடும். கண்ணுக்கோ நரம்புக்கோ அருகில் இருந்தால் பேராபத்து. கேட்டால்தான் சொல்வது என்று இருக்கவேண்டாம். முன்பே எக்ஸ்றே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள்.

முதல் மூன்று மாதம் கிழமைக்கு ஒருமுறை, ஓராண்டுவரை மாதம் ஒருமுறை, அதன் பின் இரண்டாண்டு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று அளவெடுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியை அப்படியே நீட்டினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். எனக்கு முதல்முறை அதுதான் நடந்தது. முக்கியமானதை ஒரு தாளில் ஆறு வரிக்கு மேற்படாமல் எழுதி, மேலே சத்திரசிகிச்சைத் திகதியைப் போடுங்கள். ஆறாம் மாதம் நான் கொண்டுபோன தாளில் இப்படி இருந்தது: "திறப்பு 8 ஆம் கிழமை 34, 9 ஆம் கிழமை 23, 12 ஆம் கிழமை 34, 24 ஆம் கிழமை 41. இடப்பக்க அசைவு 8, வலப்பக்க அசைவு 5. 30 இல் நாடி இடப்பக்கம் விலகித் திரும்புகிறது. இடப்பக்கம் 'டிக்', வலியில்லை. கடி இரு பக்கமும் பிடிக்கிறது." நிபுணர் அதை ஒருமுறை வாசித்தார். கடைசி வரியைப் பேனையால் வட்டமிட்டார். பிறகு என் இடக்காதுக்கு முன்னால் விரலை வைத்து, "இப்ப வலப்பக்கம் அசையுங்கோ" என்றார்.